மாமா காவல் காத்த கேம்பர்

எங்களிடம் ஒரு கேம்பர் இருந்தது. தனியாகச் சக்கரம் வைத்த பெரிய வண்டி இல்லை. பிக்கப் டிரக்கின் முதுகில் ஏற்றி வைத்துக்கொள்ளும் ஒரு பெட்டி, அவ்வளவுதான். ஓட்டும்போது அதன் கூரை தாழ்ந்து படிந்திருக்கும். போய்ச் சேர்ந்த இடத்தில் கூரையைத் தூக்கிவிட்டால் நாலு பக்கமும் கேன்வாஸ் துணி விரிந்து சின்னதாய் ஓர் அறை கிடைக்கும். உள்ளே ஒரு படுக்கை, ஒரு அடுப்பு, முகம் கழுவ ஒரு தொட்டி. நானும் மனைவியும் மகளும் ஒரே நேரத்தில் உள்ளே நின்றால், ஒருவர் திரும்புவதற்கு மற்ற இருவர் உட்கார்ந்தாக வேண்டும்.

அதை வாங்கியது என் மனைவிக்காக. ஆஸ்பத்திரி பார்மசி வேலை அவளுக்கு. ஷிஃப்ட் மாறி மாறித் தூக்கம் கெட்டுப் போயிருந்தது. நண்பர் ஒருவருடைய கேம்பரில் ஒரு தடவை கடற்கரைப் பக்கம் போய்த் தங்கினோம். அன்றைக்கு அவள் தூங்கியதைப் போல நான் பார்த்ததே இல்லை. காலையில் எழுந்து, "எனக்கு இது மாதிரி ஒண்ணு வேணும்" என்றாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் இது வேண்டும் என்று கேட்டவை ரொம்பக் கொஞ்சம். தேடிப் பிடித்துப் பழையது ஒன்றை வாங்கிவிட்டேன்.

வாங்கிய பிறகுதான் பயம் ஆரம்பித்தது. வார நாட்களில் டிரக்கை நான் ஆபீசுக்கு எடுத்துப் போக வேண்டும். அதனால் கேம்பரைக் கழற்றி, சான் ஹோசேயில் எங்கள் வீட்டுப் பக்கவாட்டில், நாலு ஜாக்கிக் கால்களின் மேல் நிறுத்தி வைப்போம். யாராவது தங்கள் டிரக்கைப் பின்பக்கமாக அதன் அடியில் விட்டு, ஜாக்கியை இறக்கினால் போதும், பெட்டி அவர்களுடையதாகிவிடும். எங்கள் தெருவிலேயே திருடர்கள் இரண்டு கார்களின் அடியில் படுத்து, சைலன்சர் பக்கத்துப் பாகங்களை அறுத்துக்கொண்டு போயிருந்தார்கள்.

நான் இன்ஜினியர். பயம் வந்தால் ஏதாவது வாங்கி மாட்டுவேன். பக்கவாட்டுக் கேட்டுக்கு ஒரு பூட்டு போட்டேன். ஜாக்கிக் காலையும் தரையில் பதித்த இரும்பு வளையத்தையும் சேர்த்து ஒரு தடிச் சங்கிலி. வீட்டுக் கூரைக்குக் கீழே ஒரு கேமரா. படுக்கை மெத்தையின் தையலைப் பிரித்து, உள்ளே, இருக்கும் இடத்தைப் போனில் காட்டும், பொத்தான் அளவில் ஒரு டிராக்கரை வைத்துத் திரும்பத் தைத்தேன். மனைவி பக்கத்தில் நின்று பார்த்தாள்.

"துணியில செவுரு வச்சிருக்கான். பிளேடு இருந்தா போதும். இதுக்கு எத்தனை பூட்டு போடுவீங்க?"

இன்னொரு பூட்டு வாங்கினேன்.

அந்தக் கோடையில் என் மாமனார் திண்டுக்கல்லில் இருந்து வந்தார். பஸ் டிப்போவில் மேனேஜராக இருந்து ரிட்டையர் ஆனவர். மாமியார் போன பிறகு தனியாக இருக்கிறாரே என்று மனைவிதான் வற்புறுத்தி வரவழைத்தாள். வந்த முதல் வாரம் வீட்டைச் சுற்றிப் பார்த்தார். இரண்டாவது வாரம் செய்வதற்கு ஒன்றும் இல்லாமல் ஆகிவிட்டது. நாங்கள் இருவரும் வேலைக்குப் போய்விடுவோம். மகள் எட்டாம் வகுப்பு. ஸ்கூல் இல்லாத நாட்களிலும் நீச்சல், பியானோ என்று ஓடிக்கொண்டிருப்பாள். கார் இல்லாமல் எங்கும் போக முடியாத ஊரில், காலையிலிருந்து சாயங்காலம் வரை வீட்டில் அவர் ஒரே ஆள்.

கேம்பரைப் பார்த்ததும் அவருக்கு ஒரு வேலை கிடைத்தது. அதன் பக்கத்தில் எலுமிச்சை மர நிழலில் ஒரு மடக்கு நாற்காலியைப் போட்டுக்கொண்டார்.

"நீங்க நிம்மதியா ஆபீஸ் போங்க மாப்பிள்ளை. ஒரு டிப்போ முழுக்க பஸ்ஸைப் பார்த்துக்கிட்டவன், இதை ஒண்ணைப் பார்த்துக்க மாட்டேனா?"

காலையில் காபி குடித்துவிட்டு டயர் இல்லாத அந்த வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வருவார். ஜாக்கிகளைத் தட்டிப் பார்ப்பார். ஈரத்துணியால் ஜன்னலைத் துடைப்பார். அவர் நடமாடும்போதெல்லாம் என் போனுக்குக் கேமராவிலிருந்து சத்தம் வந்துகொண்டே இருக்கும். ஆபீஸ் மீட்டிங்கில் தொல்லையாக இருக்கிறதென்று அந்தச் சத்தத்தை நிறுத்தி வைத்தேன். அவர்தான் இருக்கிறாரே.

அவரையும் அழைத்துக்கொண்டு மெண்டசினோ கடற்கரைப் பக்கம் ஒரு முறை போனோம். கேம்பர் அடுப்பில் அவரே உப்புமா கிண்டினார். வெளியே கடல் இரைந்துகொண்டிருந்தது. "உங்க வீட்டை விட இது வசதியா இருக்கே" என்றார். மகள் சிரித்துக்கொண்டே, "தாத்தா, யூ கேன் லிவ் ஹியர்" என்றாள். திரும்பி வரும் வழியில் மழை பிடித்துக்கொண்டது. கேன்வாஸ் மடிப்பில் ஓரிடத்தில் தண்ணீர் கசிந்தது. அதைச் சரி செய்ய ஒரு ஆளிடம் பேசியிருப்பதாகவும், அடுத்த வாரம் வீட்டுக்கே வந்து பார்ப்பதாகச் சொன்னதாகவும் சாப்பாட்டு மேஜையில் சொன்னேன். மாமாவும் கேட்டுக்கொண்டிருந்தார்.

அந்த ஆள் வருவதற்கு முன்பே வேறு இரண்டு பேர் வந்தார்கள்.

நான் வேலையிலிருந்து திரும்பும்போது மாமா வாசலிலேயே நின்றிருந்தார். முகத்தில் ஒரு திருப்தி. "சர்வீஸ்காரங்க வந்துட்டாங்க மாப்பிள்ளை. எடுத்துக்கிட்டுப் போயிருக்காங்க. நாளன்னைக்குக் கொண்டு வந்து விட்டுருவாங்களாம்."

"யாரு மாமா?"

"நீங்க சொன்னீங்களே, லீக் பார்க்கிறவங்க. லீக் பார்க்கத்தானேன்னு நான்தான் கேட்டேன், ஆமான்னாங்க. இங்க வச்சுப் பண்ண முடியாது, ஷாப்புக்குக் கொண்டு போகணும்னாங்க. உங்களுக்குப் போன் போடலாம்னு நெனச்சேன். மீட்டிங்ல இருப்பீங்க, எதுக்குத் தொந்தரவுன்னு..."

பக்கவாட்டில் போய்ப் பார்த்தேன். கேட் திறந்து கிடந்தது. சங்கிலி ஒழுங்காகச் சுருட்டி சுவரோரம் வைக்கப்பட்டிருந்தது. அதைச் சுருட்டி வைத்தது மாமாதான் என்று பார்த்ததுமே தெரிந்தது. திருடன் அப்படிச் சுருட்ட மாட்டான்.

நான் பேசியிருந்த ஆளுக்குப் போன் செய்தேன். அவன் யாரையும் அனுப்பவில்லை. மாமா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் எதுவும் சொல்வதற்கு முன்பே அவருக்குப் புரிந்துவிட்டது. பக்கத்துச் சுவரைக் கையால் பிடித்துக்கொண்டார்.

போலீஸுக்காகக் கேமராப் பதிவை எடுத்தேன். ஆரஞ்சுச் சட்டை போட்ட இருவர். ஒருவன் மாமாவிடம் கை குலுக்குகிறான், சிரிக்கிறான், கேம்பரைக் காட்டி ஏதோ கேட்கிறான். மாமா உள்ளே போய்ச் சாவிக்கொத்தோடு வருகிறார். பிறகு அவர்களுடைய டிரக் பின்பக்கமாக வருகிறது. இடம் குறுகலானது, நானே பல தடவை சுவரில் உரசியிருக்கிறேன். அவர்களும் திணறினார்கள். உடனே மாமா பின்னால் போய் நின்றுகொண்டார். ஒரு கையைத் தூக்கி ஆட்டினார். "வரட்டும்... வரட்டும்... கொஞ்சம் லெஃப்ட்டு... ரைட், ஹோல்டன்!" பதிவில் அவர் குரல் கணீரென்று கேட்டது. டிப்போவில் நின்று பஸ்ஸை இடம் பார்த்து நிறுத்தச் சொல்கிற குரல். டிரக் ஓர் உரசல்கூட இல்லாமல் கேம்பருக்கு அடியில் போய் நின்றது. நாலு ஜாக்கிகளையும் இறக்கும்போது அவரும் ஒன்றைச் சுற்றினார். வண்டி கிளம்பியதும் கை அசைத்தார்.

என் மனைவி பாதியிலேயே எழுந்து போய்விட்டாள். மாமா பின்னால் வந்து நின்றதை நான் கவனிக்கவில்லை.

"காட்டுங்க மாப்பிள்ளை."

"வேண்டாம் மாமா."

"நான் பார்க்கணும்."

காட்டினேன். கடைசிவரை பார்த்தார். அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

விசாரிக்க வந்த போலீஸ்காரர் நல்ல மனிதர். அந்த டிரக்கின் நம்பர் பிளேட் காகிதத்தில் அச்சடித்த போலி, அதை வைத்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது என்றார். டிராக்கரைப் பற்றிச் சொன்னேன். போனில் ஒரு நீலப்புள்ளி தெற்கே போய், மலையைத் தாண்டி, பள்ளத்தாக்கில் பாதாம் தோப்புகளுக்கு நடுவே ஓரிடத்தில் நின்றிருந்தது. அதைப் பார்த்துவிட்டு, அது வேறு கவுண்டி, நம் ஊர் மாவட்டம் மாதிரி, அங்குள்ளவர்களுக்குத் தகவல் அனுப்புகிறேன் என்றார். போகும்போது, "தயவுசெய்து நீங்களாகப் போய்விடாதீர்கள்" என்றும் சொன்னார்.

அதற்குப் பிறகு நாங்கள் செய்ததெல்லாம் புள்ளியைப் பார்த்ததுதான். காலையில் எழுந்ததும் பார்ப்போம். அது அங்கேயே இருக்கும். அந்தக் கவுண்டிக்குப் போன் செய்தால், ஆள் குறைவு, வரிசையில் வைத்திருக்கிறோம் என்பார்கள். பொருள் எங்கே இருக்கிறதென்று இத்தனை துல்லியமாகத் தெரிந்தும் ஒன்றும் செய்ய முடியாமல் இருப்பது, தெரியாமல் இருப்பதை விடக் கொடுமை.

சனிக்கிழமை காலை மாமா சட்டை மாட்டிக்கொண்டு கூடத்தில் வந்து உட்கார்ந்தார். "போவோம்" என்றார். மனைவி கூடாது என்றாள். "அப்பா, அவங்ககிட்ட துப்பாக்கி இருக்கும். இது நம்ம ஊர் இல்லை." அவர் எழுந்திருக்கவில்லை. சாப்பிடவும் இல்லை. கடைசியில், தூரத்தில் இருந்து பார்த்துவிட்டு வந்துவிடுவது என்று நானும் அவரும் மட்டும் கிளம்பினோம்.

வழி நெடுக அவர் என் போனைக் கையில் வைத்துப் புள்ளியையே பார்த்துக்கொண்டிருந்தார். தோப்புகளுக்கு நடுவே மண் ரோடு. புள்ளி இருந்த இடத்தில் ஆள் உயரத்துக்கு மேல் தகர வேலி. வேலிக்கு மேலே எங்கள் கேம்பரின் கூரை தெரிந்தது. தூக்கி வைத்திருந்தார்கள். கசிவுக்குத் தற்காலிகமாக நான் கேன்வாஸில் ஒட்டியிருந்த சாம்பல் நிற ஒட்டுகூடத் தெரிந்தது. காரை ரோட்டோரம் நிறுத்திப் போலீஸுக்குப் போன் செய்தேன். கண்ணெதிரே இருக்கிறது என்றேன். உள்ளே போக நீதிபதியின் உத்தரவு வேண்டும், இன்று கிடைக்காது, நீங்கள் உடனே அங்கிருந்து கிளம்புங்கள் என்றாள் ஒரு பெண் அதிகாரி, ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி.

நான் பேசிக்கொண்டிருக்கும்போதே மாமா இறங்கிவிட்டார். காலைக் குளிருக்கு மாட்டிய ஸ்வெட்டரும் மப்ளருமாக, நல்ல வெயிலில், நேராக அந்தக் கேட்டை நோக்கி நடந்தார். நான் கத்திக்கொண்டே பின்னால் ஓடினேன். அவர் தகரத்தில் இரண்டு தட்டுத் தட்டினார். உள்ளே நாய்கள் பாய்ந்து குரைத்தன. கேட் கொஞ்சமாகத் திறந்து ஒரு இளைஞன் எட்டிப் பார்த்தான். வீடியோவில் இருந்தவன் இல்லை. கையில் ஒன்றும் இல்லை. வாயில் டூத் பிரஷ்.

மாமா கைகூப்பினார். "சார், தட் ஒன் மை டாட்டர் வண்டி. ஐ கேவ் பை மிஸ்டேக். ஐ கேவ், சார். ப்ளீஸ்."

அவன் அவரை ஏற இறங்கப் பார்த்தான். என்னைப் பார்த்தான். என் கையில் இருந்த போனைப் பார்த்தான். கோபமாகக்கூட இல்லை. தலையை ஆட்டிவிட்டு கேட்டை மூடினான். தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது. மாமா கூப்பிய கையை இறக்காமல் நின்றார். நான் அவர் தோளைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து காரில் உட்கார வைத்தேன்.

"ஏன் மாமா இப்படிப் பண்ணினீங்க?"

"கேட்டா குடுத்துருவான்னு நெனச்சேன்" என்றார். "நான் குடுத்தேன்ல."

நாங்கள் வீடு போய்ச் சேருவதற்குள் புள்ளி நகரத் தொடங்கியிருந்தது. கொஞ்ச தூரம் போய் ஒரு கால்வாய்க் கரையில் நின்றது. பிறகு நகரவே இல்லை. அடுத்த வாரம் போலீஸ் போய்ப் பார்த்தபோது அங்கே எங்கள் மெத்தை மட்டும் கிடந்ததாம். வேலிக்குள்ளும் ஒன்றும் இல்லையாம்.

நாங்கள் தட்டியதால்தான் போய்விட்டதா, எப்படியும் போயிருக்குமா, தெரியாது. மனைவி ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. ஆனால் குறை சொல்லாமல் இருப்பதற்கு அவள் படும் பாடு அவள் அப்பாவுக்குத் தெரிந்தது. "போனா போகுதுப்பா, அது ஒரு பெட்டி" என்பாள். அவர் தலையாட்டுவார். மகள் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, "தாத்தா, இட்ஸ் நாட் யுவர் ஃபால்ட். தே ஆர் ப்ரொஃபஷனல்ஸ்" என்றாள். அதற்கும் தலையாட்டினார். அதன்பின் அவர் வெளியே உட்காரவில்லை. பார்சல்காரன் மணி அடித்தால்கூடக் கதவைத் திறக்க மாட்டார். திரைச்சீலைக்குப் பின்னால் நின்று, அவன் போகும்வரை காத்திருப்பார். ஒரு நாள் சாவியை மறந்துவிட்டுப் போன நானே அரை மணி நேரம் வாசலில் நின்றேன். என் குரல்தான் என்று அவருக்குத் தெரியும். இருந்தும் மனைவிக்குப் போன் செய்து கேட்டுக்கொண்ட பிறகுதான் திறந்தார்.

விசாவில் இன்னும் நாட்கள் இருந்தன. டிக்கெட்டை முன்னால் மாற்றச் சொன்னார். மனைவி அழுதாள், சண்டை போட்டாள். நான் என்னென்னவோ சொல்லிப் பார்த்தேன். அவருக்கு ஒரு வேலை கொடுக்கலாம் என்று தோட்டக் குழாயைச் சரி செய்யச் சொன்னேன். "நீங்களே பார்த்துக்குங்க மாப்பிள்ளை. நான் கை வச்சா எதாவது ஆயிரும்" என்றார். ஒரு டிப்போவையே நடத்திய மனிதர். என்ன சொல்லி அவரை மறுபடி அந்த மனிதராக்குவது என்று எனக்குத் தெரியவில்லை. ஏர்போர்ட்டில் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு செக்யூரிட்டி வரிசைக்குள் போய்விட்டார்.

இன்சூரன்ஸ்காரர்கள் ஏதோ கொடுத்தார்கள். புதிதாக வாங்கலாமா என்று மனைவியிடம் ஒரு தடவை கேட்டேன். வேண்டாம் என்றாள். பழையபடி விடியற்காலையில் எழுந்து சோபாவில் உட்கார்ந்திருக்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் திண்டுக்கல்லுக்குப் பேசுகிறோம். மகளிடம் படிப்பைப் பற்றியும் மனைவியிடம் உடம்பைப் பற்றியும் கேட்பார். கடைசியில் போன் என்னிடம் வரும்.

"ஏதாவது தெரிஞ்சுதா மாப்பிள்ளை?"

"பார்த்துக்கிட்டு இருக்காங்க மாமா."

யாரும் பார்த்துக்கொண்டு இல்லை. கேஸை முடித்து எப்போதோ எனக்கு மெயில் அனுப்பிவிட்டார்கள். அதை அவரிடம் சொல்ல என்னால் முடியவில்லை.