மாரடைப்பு என்று எழுதச் சொன்னேன்

என் தம்பி மாரடைப்பால் சாகவில்லை. அப்படி எழுதச் சொன்னது நான். இதை ஒருமுறை கோர்ட்டில் சொன்னேன். அங்கே யாரும் நம்பவில்லை.

எழுபதுகளின் நடுவில் நடந்தது. ராயபுரத்தில் ஒரே வீட்டின் முன்பாதியில் நானும், பின்பாதியில் தம்பியும் அவன் மனைவியும் குடியிருந்தோம். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. பெண் பார்க்கப் போன இடத்தில் வாயைத் திறக்காமல் காபியை மட்டும் குடித்துவிட்டு வந்ததுதான் காரணம் என்று தம்பி எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பான். நான் துறைமுகத்தில் டாலி கிளார்க். கப்பலிலிருந்து இறங்கும் சரக்கை எண்ணிக் குறிப்பது வேலை. அவன் கப்பலில் சரக்குத் தூக்கும் விஞ்ச் ஓட்டினான். இடுப்பில் அடிபட்டபோது வலிக்கென்று கூட வேலை செய்த ஒருவர் கொடுத்த அபினி அவனைப் பிடித்துக்கொண்டது. மிளகு அளவில் தொடங்கியது, கடலை அளவுக்கு வந்தது.

எண்ணூர் போகிற சாலையில், பழைய தோட்ட வீடு ஒன்றில், போதைப் பழக்கத்தை நிறுத்தித் தருவதாக ஒரு வைத்திய நிலையம் இருந்தது. நடத்தியவர் முன்னாள் கம்பவுண்டர். டாக்டர் வாரம் ஒருமுறை எட்டிப் பார்ப்பார். தம்பியை அங்கே சேர்த்தது நான்தான். பதினெட்டாம் நாள் காலை, இறந்துவிட்டான் என்று சைக்கிளில் ஆள் வந்து சொன்னான்.

நானும் தம்பி மனைவியும் போனோம். அவன் உதடு நீலமாக இருந்தது. வாயோரம் நுரை காய்ந்திருந்தது. அவள் அவனருகில் உட்கார்ந்துவிட்டாள். என்னை உள்ளே கூப்பிட்டு அவன் சட்டையையும் லுங்கியையும் கொடுத்தார்கள். சட்டைப் பையில் சிகரெட் பெட்டிக் காகிதத்தில் மடித்த பொட்டலம் ஒன்று தட்டுப்பட்டது. பிரித்துப் பார்க்கவே வேண்டாம், வாசனை போதும்.

தூக்கத்திலேயே போய்விட்டார் என்றார் கம்பவுண்டர். சந்தேகம் இருந்தால் போலீசுக்குச் சொல்லுங்கள், ஆஸ்பத்திரியில் அறுத்துப் பார்ப்பார்கள் என்றும் அவரே சொன்னார். சொல்லிக்கொண்டே வாசல் கதவைச் சாத்தினார். இருந்தும் நான்தான் கேட்டேன்.

“மாரடைப்புன்னு எழுதிக் குடுத்துடுவீங்களா சார்?”

டாக்டர் வராமலே சான்றிதழ் வந்தது. எந்தச் சந்தேகமும் இல்லை, புகாரும் இல்லை என்று கீழே கையெழுத்துப் போட்டேன்.

நான் பயந்தது போலீசுக்கு இல்லை. சின்ன வயதில் எங்கள் மாதா கோயில் பங்கில் ஒருவர் தூக்குப் போட்டுக்கொண்டார். அவருக்குத் துக்க மணி அடிக்கவில்லை, பூசை இல்லை. சாமியார் மந்திரித்த கல்லறை மண்ணில் இடம் கொடுக்காமல் மதிலுக்கு வெளியே புதைத்தார்கள். அந்த வீட்டுப் பெண்களைக் கட்டிக்கொள்ள யாரும் முன்வரவில்லை. தன் கையால் அளவு மீறித் தின்று செத்தவனும் அந்தக் கணக்குதான் என்று நானே முடிவு செய்தேன். கோயில் உபதேசியாரைக் கேட்கவில்லை, சாமியாரையும் கேட்கவில்லை. உடலை ஏற்றி வந்த வண்டியைத் திருவொற்றியூருக்கு முன்னால் நிறுத்தச் சொல்லி, ஒன்றுக்குப் போவதுபோல் பாறைகளுக்கு நடுவே இறங்கி, பொட்டலத்தைக் கடலில் போட்டேன்.

மறுநாள் அவனுக்கு மணி அடித்தார்கள். எனக்கு நிம்மதியாக இருந்தது.

ஒரு மாதம் கழித்து வண்ணாரப்பேட்டையிலிருந்து ஒரு பாய் வீட்டைத் தேடி வந்தார். தோல் மண்டியில் வேலை. வைத்திய நிலையத்தில் தம்பிக்குப் பக்கத்துக் கட்டிலில் இருந்தவர். அங்கே வேலை செய்த ஆளே திருட்டுத்தனமாக அபினி விற்றான் என்றார். இரண்டு வாரத்துக்கு மேல் நிறுத்தி வைத்த உடம்பு, தம்பி பழைய அளவையே விழுங்கிவிட்டான், தாங்கவில்லை.

“சாயங்காலத்துலேர்ந்து ஒரே கொறட்டமா. ரம்பம் போட்டு அறுக்கறா மாதிரி. நான் போய் கம்பவுண்டராண்ட சொன்னேன். ‘தூங்கட்டும், எழுப்பாத’ன்ட்டாரு. காலைல வரைக்கும் உசுரு இருந்துச்சு.”

தம்பி மனைவி முகத்தை மூடிக்கொண்டு கேட்டாள். பிறகு என்னைப் பார்த்து, “கேஸ் போடலாமா மாமா?” என்றாள்.

பாரிமுனையில் ஒரு வக்கீலிடம் போனோம். பொறுமையாகச் சொன்னார். போலீசில் புகார் கொடுக்கலாம். மாஜிஸ்திரேட் உத்தரவு வாங்கிப் புதைத்த உடலை எடுத்துப் பரிசோதிக்கலாம், ஆனால் சீக்கிரம் செய்ய வேண்டும். இவை இரண்டும் நடக்காவிட்டாலும், கவனிக்காமல் சாகவிட்டதற்காகச் சிவில் கோர்ட்டில் நஷ்டஈடு கேட்கலாம். அதற்கு இறந்த நாளிலிருந்து இரண்டு வருடம் கெடு. கடைசியில் என்னிடம், நீங்கள் அங்கே எதையாவது பார்த்தீர்களா என்று கேட்டார்.

“இல்ல சார்” என்றேன்.

அவள் ஸ்டேஷனுக்குத் தனியாகப் போனாள். எனக்கு வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். அங்கே என் கையெழுத்தைக் காட்டி, “உங்க வூட்டு ஆளே எழுதிக் குட்த்துகீறாரு, நாங்க இன்னாம்மா பண்றது?” என்று அனுப்பிவிட்டார்கள். உடலைத் தோண்டி எடுக்கும் பேச்சு வந்தபோது, மந்திரித்த மண்ணைத் தோண்டுவதா என்று நான் அழுதேன். அந்த அழுகையில் பாதி உண்மை. மூத்தவர் அழுகிறாரே என்று அவள் விட்டுவிட்டாள். மாதங்கள் ஓடின.

அவன் செத்தபின் வந்த இரண்டாவது தபசு காலத்தில், ஈஸ்டருக்கு முந்தைய அந்த நாற்பது நாளில், சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் எல்லாவற்றையும் சொன்னேன். சாமியார் கேட்டார்.

“தெரியாம அளவு மீறிச் செத்தவனைத் தற்கொலைன்னு உனக்கு யாருப்பா சொன்னது? வந்து கேட்டிருந்தா நானே மந்திரிச்சுப் புதைச்சிருப்பேனே.”

அந்தப் பெண்ணிடம் சொல்லாமல் பாவத்துக்காக நீ படுகிற மனஸ்தாபம் முழுசாகாது என்றார். அதற்கும் எனக்கு ஏழு மாதம் ஆனது. கெடு முடிய மூன்று வாரம் இருந்தபோது, பின்கட்டில் மீன் கழுவிக்கொண்டிருந்தவள் முன்னால் போய் நின்று, கடலில் போட்ட பொட்டலம் வரை சொன்னேன். அவள் கழுவுவதை நிறுத்தவில்லை.

“அவரு மூச்சு வுட முடியாம கெடந்துகீறாரு. நீங்கோ கோயில் மணிய பத்தி நென்ச்சினு இருந்துகீறீங்கோ.”

மீனைச் சட்டியில் போட்டு மூடிவிட்டு எழுந்தாள்.

“நாளைக்கி லீவு போடுங்கோ மாமா. வக்கீலாண்ட போவணும்.”

வழக்குப் போட்டோம். பாய் வந்து பார்த்ததைச் சொன்னார். அவரே அபினி தின்றவர் என்று எதிர்த்தரப்பு வக்கீல் மடக்கினார். அடுத்து நான் கூண்டில் ஏறி, எங்கள் வக்கீலிடம் முதலில் பொய் சொன்னது உட்பட எல்லாவற்றையும் சொன்னேன். அன்று மாரடைப்பு என்று கையெழுத்துப் போட்டீர்கள், பிறகு உங்கள் வக்கீலிடமே எதையும் பார்க்கவில்லை என்றீர்கள், இப்போது பொட்டலம் என்கிறீர்கள், இதில் எது பொய் என்று எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டார். முதல் இரண்டும் என்றேன். பொட்டலம் எங்கே என்றார். கடலில் என்றேன். பின்னால் யாரோ சிரித்தார்கள். அவளும் அங்கேதான் உட்கார்ந்திருந்தாள்.

தள்ளுபடி ஆயிற்று. பிரேதப் பரிசோதனை இல்லை, இறந்தவரின் அண்ணன் அடிக்கடி பேச்சை மாற்றுகிறவர், அவர் சாட்சியம் நம்பத்தக்கதல்ல என்று நீதிபதி எழுதியிருந்தார். கம்பவுண்டர் அன்று வெற்றிலை போட்டுக்கொண்டு என்னைத் தாண்டிப் போனார்.

வெளியே மரத்தடியில் வக்கீல் அப்பீல் பற்றிப் பேசினார். அவள் ஒன்றே ஒன்று கேட்டாள்.

“அங்கியும் இவர கூண்டுல ஏத்துவாங்களா சார்?”

இல்லை, அங்கே காகிதங்களை மட்டும்தான் பார்ப்பார்கள் என்றார்.

“அப்ப போடுங்கோ.”

அப்பீலும் நிற்கவில்லை. அன்று அவள் அப்படிக் கேட்டது எனக்கு இரங்கியா, நான் மறுபடி வாயைத் திறந்து கெடுத்துவிடுவேன் என்றா, தெரியவில்லை. இன்னும் பின்பாதியில்தான் இருக்கிறாள். கேட்டால் சொல்லிவிடுவாள். அதனால்தான் கேட்கவில்லை.