நடுவில் வரும் பந்து

என் மகளோடு இறகுப்பந்து இரட்டையர் ஆட்டம் ஆடிய பெண் பேராசைக்காரி என்றே எங்கள் குடும்பம் நம்பியது. ஒல்லியான அந்த இடதுகைக்காரி, நடுவில் வரும் பந்தையெல்லாம் பாய்ந்து தானே அடிப்பாள். மாநில அணித் தேர்வு நெருங்கியபோது, நோபிள் பார்க் விளையாட்டரங்கில் அவளிடம் கேட்டேவிட்டேன்.

"நடுவில வாறதெல்லாம் உனக்குத்தானோ, பிள்ளை?"

"ஓம் அன்ரி. அவளுக்கு முழங்கால் நோகுது, ஓட ஏலாது. உங்களிட்டச் சொல்லச் சொல்லி அவளோட நெடுகச் சண்டை பிடிக்கிறன். டொக்டரிட்டக் கூட்டிக்கொண்டு போங்கோ."

"அப்ப உன்ர செலக்‌ஷன்?"

"அவள் இல்லாட்டி எனக்கும் இல்லைத்தான். முதல்ல கால், அன்ரி."

அந்த ஆண்டு இருவரும் தெரிவாகவில்லை. சத்திரசிகிச்சைக்குப் பின் மகள் வலியின்றி நடக்கிறாள்; ஆட்டத்தை விட்டுவிட்டாள். அந்தப் பெண் இன்று வேறொருத்தியோடு மாநிலத்துக்காக ஆடுகிறாள். பார்வையாளர் கதிரையில், அவளுக்காக, நான் இருக்கிறேன்.