கட்டுக்குள் போன எண்ணெய்

ஐஸ் பெட்டியிலிருந்து பெயர்ந்து நின்ற தகரம் என் வலது காலை வெட்டியபோது நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. மீன் இறக்குகிறவனுக்குக் காலில் வெட்டு விழத்தான் செய்யும். இடுப்பில் கட்டும் பழைய சாரத்தில் கிழித்த துணியைச் சுற்றிக்கொண்டு படகிலேயே நின்றேன். எனக்கு இரத்தத்தில் சீனி கூடும் வருத்தம் இருப்பது அப்போது தெரியாது. இரண்டு விரல் கறுத்து நாறத் தொடங்கிய பிறகு படகுக்காரனே என்னை ஓட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினான். பாசத்தால் அல்ல, நாற்றத்தால்.

பெரிய டொக்டர் பார்த்தார். இரண்டு விரலையும் எடுக்கவேண்டும், அதற்குப் பிறகும் கிருமி ஏறினால் முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டிவரும் என்றார். சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். புல்மோட்டையில் மணல் அள்ளியிருக்கிறேன், உப்புவெளியில் வெள்ளைக்காரர் தங்கும் விடுதியில் கக்கூஸ் கழுவியிருக்கிறேன், பிறகு படகு. ஓரிடம் பிடிக்காவிட்டால் எழும்பிப் போய்விடுவேன். அதற்குக் கால் வேண்டும்.

ஒப்பரேசனுக்கு முதல் நாள் கொழும்பிலிருந்து வந்திருந்த ஆராய்ச்சி டொக்டர் என் கட்டிலடிக்கு வந்தார். வயது குறைந்த பெண், கையில் டப்லெட். ஒப்பரேசன் செய்த புண்ணைத் தினமும் திறந்து மருந்து கட்டுவது நல்லதா, அல்லது ஒட்டுக்கட்டுப் போட்டுச் சில நாள் திறக்காமலே விடுவது நல்லதா என்று பார்க்கிறார்களாம். யாருக்கு எது என்பது மூடிய கவர் எடுத்துத்தான் முடிவாகுமாம்.

"ரெண்டிலை எது நல்லது?" என்று கேட்டேன்.

"அது தெரியாதபடியாலைதான் ஐயா செய்யிறம். உங்களுக்கு விருப்பமில்லையெண்டா விடலாம். வைத்தியத்திலை ஒரு குறையும் வராது."

"இவ்வளவு படிச்சும் தெரியாதோ?"

அவர் சிரிக்கவில்லை. நான் கையெழுத்து வைத்தேன். அறிவு வளரவேண்டும் என்றில்லை. ஆராய்ச்சியில் சேர்ந்தவனை ஒருவராவது தினமும் வந்து பார்ப்பார். அந்த வாட்டில் மற்றவர்களுக்கு அதுவும் கிடையாது. என் கவரில் திறக்காத கட்டு வந்தது.

சனிக்கிழமை வெட்டினார்கள். ஞாயிற்றுக்கிழமை நோவுக்குப் போட்ட ஊசியில் கிறங்கிக் கிடந்தேன். ஞாயிறு என்றால் செபக்கூட்டம் வரும். நாலைந்து பெண்கள், முன்னால் ஒரு பெரிய அக்கா, அவர் கையில் செபித்த எண்ணெய்ப் போத்தல். முதலில் நெற்றியில் பூசுவார், பிறகு நோவு எங்கேயோ அங்கே. வீட்டில் தலையிடிக்கும் வயிற்றுக்குத்துக்கும் பூசிப் பழகியவர்கள், வெட்டித் தைத்த புண்ணுக்கும் அதையே செய்தார்கள். எல்லாக் கட்டிலுக்கும் ஒரே பெருவிரல். அதைக் கழுவுவது அவருக்குக் கனவிலும் தோன்றியிருக்காது. கை கழுவுங்கள் என்று மூன்று மொழியில் எழுதிய படம் அவருடைய தலைக்கு நேரே தொங்கியது. எனக்கும் கோயிலில் ஞானஸ்நானம் தந்தவர்கள்தான். அதனால் துணிந்து சொல்கிறேன்: பக்தியில் இவ்வளவு ஊத்தை இருக்கும் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

ஒருவரும் வேண்டாம் என்று சொல்வதில்லை. என் பக்கத்துக் கட்டிலில் கிளிவெட்டியில் வயல் செய்யும் கமக்காரர் ஒருவர், குடலிறக்கத்துக்கு வெட்டியவர், நெற்றி நிறையத் திருநீறு. அவர்தான் முதலில் வயிற்றைக் காட்டுவார்.

பின்னேரம் நான் தெளிந்தபோது அவர் சந்தோசமாகச் சொன்னார்: "தம்பி, நீர் நல்ல நித்திரை. கால்தான் எண்டு நான்தான் காட்டினனான். கட்டு நல்லா ஒட்டியிருந்தது. ஓரத்தைக் கொஞ்சம் கிளப்பிக் குடுத்தன், அக்கா உள்ளுக்கு விரலை விட்டு வடிவாப் பூசினவா."

"ஆரைக் கேட்டுக் கிளப்பினியள்?"

"என்ன கதை இது? உம்மடை சாமிதானே."

இரவு முழுக்கக் கால் குத்தியது, காய்ச்சலும் அடித்தது. சொன்னால் ஆராய்ச்சியிலிருந்து தள்ளிவிடுவார்கள், பிறகு பார்க்க ஆளில்லை. சொல்லாவிட்டால் கால் போகும். விடிய ஆராய்ச்சி டொக்டரிடம் சொன்னேன். அவர் கட்டைப் பிரித்தார். தையலடி சிவந்து வீங்கி, அமத்தச் சீழ் வந்தது. பெரிய டொக்டர் தையலை வெட்டி, திரும்பக் கழுவி, திறந்த புண்ணாகவே விட்டார். "ரெண்டு மூண்டு நாள் பாப்பம்" என்றார். அந்த நாட்களில் கமக்காரர் தோடம்பழம் உரித்துத் தந்தார். எனக்கு அவருடைய முகத்தைப் பார்க்கவே பிடிக்கவில்லை. பழத்தைத் தின்றேன்.

வியாழக்கிழமை காய்ச்சல் விட்டது. இனி வேறு எதுவும் உள்ளே போகாவிட்டால் கால் தப்பும் என்றார் பெரிய டொக்டர். எண்ணெயால் குணமானது என்றார் கமக்காரர்.

ஆராய்ச்சி டொக்டரிடம், "என்னை ஆராய்ச்சியிலையிருந்து வெட்டிப்போட்டியளோ?" என்று கேட்டேன்.

"இல்லை ஐயா. நீங்கள் திறக்காத கட்டுக்காரரோடைதான் நிக்கிறியள். கிருமி வந்தது எண்டு பதிஞ்சிட்டன்."

"அது எண்ணெயாலை வந்ததல்லோ? கட்டுப் போட்டதிலை என்ன பிழை?"

"எண்ணெயாலை எண்டு ஆருக்குத் தெரியும்? முதலே உள்ளுக்கு இருந்திருக்கலாம். எண்ணெயாலை வந்தாலும் பதியத்தான் வேணும். இந்த வாட்டிலை ஒரு கட்டு மூடினபடி இருக்க ஏலாதெண்டா, அதுவும் எங்களுக்குத் தெரியவேணும்."

அதில் பிழை இல்லை என்று விளங்கியபோது எனக்கு எரிச்சல் கூடியது. என் சீழ்கூட அவருக்கு உதவியிருக்கிறது.

"அப்ப அந்த அக்காவை நிப்பாட்டுங்கோவன்."

அவர் டப்லெட்டைப் பார்த்துக்கொண்டு, "ஞாயிறு வந்து கதைக்கிறன்" என்றார்.

வந்தார். அதை மறைக்கமாட்டேன். வாட்டு வாசலில் நின்று, "அன்ரி, புண்ணிலை மட்டும் பூசாமல்..." என்று தொடங்கினார். "டொக்டர்ப் பிள்ளையோ? கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பார் மகள்" என்று பெரிய அக்கா பெருவிரலைத் தூக்கினார். அவ்வளவு படித்த பெண் கண்ணை மூடித் தலையைக் குனிந்தார். நெற்றி மினுங்க நின்றார்.

விரல் கட்டில் கட்டிலாக வந்தது. கமக்காரர் வயிற்றுக் கட்டின் ஓரத்தைக் கிளப்பி ஆயத்தமாகப் பிடித்திருந்தார். அவருக்குப் பூசியபின் அக்கா என்னிடம் திரும்பினார்.

"காலைக் காட்டுங்கோ மகன்."

நான் காலுக்குச் பிளாஸ்டிக் சொப்பிங் பை ஒன்றை மாட்டிக் கயிற்றால் கட்டியிருந்தேன். "ஏலாது."

"சாமிக்கு ஏலாதெண்டு சொல்லக்கூடாது."

"சாமிக்கில்லை அக்கா. உங்களுக்குத்தான் சொல்லுறன்."

வாட்டு முழுக்க என்னைப் பேயைப் பார்ப்பதுபோலப் பார்த்தது. அக்கா எனக்காகக் கண்ணீரோடு செபித்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். கமக்காரர் அதற்குப் பிறகு எனக்குப் பழம் தரவில்லை.

இன்னும் இரண்டு கிழமை கிடந்தேன். பிறகு அந்தக் காலை ஊன்றித்தான் ஆஸ்பத்திரிப் படி இறங்கினேன், ஒருவரிடமும் சொல்லிக்கொள்ளாமல்.