அவருடைய செருப்பு

எங்கள் தீவுத் தமிழ்க் குடும்பங்களில் தலைப்பிரசவம் என்றால் கப்பல் ஏறுவதுதான். ஏழாம் மாதம் வளையல் அடுக்கி, மெயின்லேண்டில் இருக்கும் அம்மா வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அந்த நினைப்பில், மாயாபந்தர் பக்கத்து எங்கள் ஊர் சுகாதார நிலையத்தை நான் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. கொரோனா வந்து கப்பல் நின்றது. வளையலும் வயிறுமாக இங்கேயே மாட்டிக்கொண்டேன்.

எட்டாம் மாதம் கால் வீங்கியது. போனில் அம்மா, "நீர் கோத்திருக்குடி, எல்லாருக்கும் வர்றதுதான். ஆசுபத்திரிப் பக்கம் போயிராத, காய்ச்சக்காரங்கள அங்கதான வச்சிருக்காக? கப்பல் விட்டதும் வந்துரு" என்றாள். அம்மாவுக்குக் கப்பல் என்றால் டவுன் பஸ் மாதிரி. என் செருப்புக்குள் கால் நுழையவில்லை. வீட்டுக்காரர் செருப்பைப் போட்டுக்கொண்டு திரிந்தேன்.

ஒருநாள் காலை, வீடு வீடாகக் காய்ச்சல் பார்த்துவந்த சிஸ்டர் படலுக்கு வெளியே நின்றே என் நெற்றிக்கு நேரே கருவியை நீட்டினார். காய்ச்சல் இல்லை. திரும்பப் போனவர் என் காலைப் பார்த்துவிட்டார்.

"யே கிஸ்கா சப்பல் ஹை?" இது யார் செருப்பு என்று கேட்டார்.

"உன்கா," என்றேன். அவருடையது என்று சொல்லவே வெட்கம்.

சிஸ்டர் சிரிக்கவில்லை. படலைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்துவிட்டார். தலை வலிக்கிறதா, கண்முன் மின்னுகிறதா என்று இந்தியில் கேட்டார். இரண்டும் இருந்தன, வெயில் என்று நினைத்திருந்தேன். கையில் பட்டையைக் கட்டிப் பிரஷர் பார்த்தார். நம்பாமல் மறுபடி கட்டினார்.

"அபி சலோ," இப்போதே கிளம்பு என்றார். "வலிப்பு வந்தா நீயும் இல்ல, குழந்தையும் இல்ல" என்பதையும் இந்தியிலேயே சொன்னார்.

அதற்குள் வீட்டுக்காரர் அம்மாவுக்குப் போன் போட்டிருந்தார். "மாப்ள, அவள அங்க கொண்டுபோயிராதீக! ஒட்டிக்கிரும்!" என்று அம்மா அழுவது எனக்கே கேட்டது. கோழியிடம்கூடக் கிண்டல் பேசும் மனுஷன், போனைப் பிடித்தபடி என் முகத்தையே பார்த்தார்.

போனை வாங்கினேன். "கப்பல் வராதும்மா. நான் ஜீப்புல ஏறப்போறேன்."

சிஸ்டர் வந்த ஜீப்பிலேயே கிளம்பினோம். வீட்டுக்காரர் வெறுங்காலோடு முன்னால் தொற்றிக்கொண்டார். சாலை தூக்கித் தூக்கிப் போட்டது. கண் இருட்டியது. "சோனா மத். பாத் கர்," தூங்காதே, பேசு என்று சிஸ்டர் என் கன்னத்தைத் தட்டிக்கொண்டே வந்தார். என்னத்தைப் பேச? மீன்குழம்பு வைக்கும் விதத்தைச் சொன்னேன். புளி கரைத்து ஊற்றும் இடத்தில் நாக்குக் குழறியது. "ஃபிர்? ஃபிர்?" அப்புறம், அப்புறம் என்று விடாமல் உலுக்கினார். குழம்பு கொதிப்பதற்குள் ஆஸ்பத்திரி வந்துவிட்டது.

ஊசி போட்டுப் பிரஷரை இறக்கி, அன்றைக்கே ஆபரேஷன் செய்து பெண்குழந்தையை எடுத்தார்கள். எலிக்குஞ்சு அளவுதான், கத்தலுக்குக் குறைச்சல் இல்லை.

கொரோனாவால் வீட்டுக்காரரை ஆஸ்பத்திரி கேட்டுக்குள்ளேயே விடவில்லை. மறுநாள் போனில் அவர் குரல் கரகரத்தது.

"ரெண்டு பேரும் இருக்கீகள்ல?"

"இருக்கோம்."



"அப்ப என் செருப்பக் குடுத்தனுப்பு. தார் ரோடு சுடுது."