தவக்காலத்தில் பூக்காடு தேடிப் போனோம்

வெள்ளிக்கிழமை காலை ஆறே முக்காலுக்குப் புன்னைக்காயலில் இருந்து கிளம்பினோம். வண்டியில் அப்பா, அம்மா, தங்கை செலின், நான், பிறகு ஆத்தூரில் இருந்து வந்திருந்த ஓட்டுநர் அண்ணாச்சி. போகிற காரியம், பூக்காட்டில் நின்று குடும்பமாக ஒரு போட்டோ எடுப்பது. சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்துக்கொள்ளலாம். செலின் முதலில் சொன்னபோது நானும் சிரித்தவன்தான்.

செலின் வருகிற ஜூன் மாதம் மதுரையில் ஒரு கன்னியர் மடத்தில் சேரப் போகிறாள். அதற்கப்புறம் கலர்த் துணி கிடையாது. அதனால் கலர்ச் சேலையில் கடைசியாக ஒரு குடும்பப் படம் வேண்டும் என்றாள். ஸ்டூடியோ வேண்டாமாம், பூக்காடுதான் வேண்டுமாம். வாட்ஸ்அப்பில் யாரோ அனுப்பிய படம் ஒன்று அவளிடம் இருந்தது. கண்ணுக்கெட்டிய தூரம் ஊதாப் பூ. கீழே, "எட்டயபுரம் அருகே வசந்தம்" என்று எழுதியிருந்தது. வசந்தம் என்றால் மார்ச் மாதம் என்று அவளே கணக்குப் போட்டாள்.

மடத்துச் சமாச்சாரம் காதில் விழுந்த நாளில் இருந்து அப்பா அவளோடு ஒரு வார்த்தை பேசவில்லை. மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்திருந்த மனிதர். "கொண்டு விட நான் வரமாட்டேன்" என்று அம்மாவிடம் சொன்னதோடு சரி. போட்டோவுக்கு எங்கே வரப் போகிறார் என்றுதான் நினைத்திருந்தோம். காலையில் பார்த்தால், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோடு வண்டியில் முதல் ஆளாக உட்கார்ந்திருக்கிறார். ஏன் வந்தீர்கள் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டால் இறங்கிப் போய்விடுவாரோ என்று பயம்.

அம்மாவின் குழப்பம் வேறு. தவக்காலம் நடக்கிறது. சாம்பல் புதனில் இருந்து ஈஸ்டர் வரைக்கும் எங்கள் ஊர்ப் பெண்கள் தலையில் பூ வைக்க மாட்டார்கள். கோயில் பீடத்தில்கூடப் பூ இருக்காது.

"தலையில வைக்கக் கூடாது, சரி. பூவுக்குள்ள போயி நிக்கலாமா?" என்று ஆத்தூர் வரைக்கும் கேட்டுக்கொண்டே வந்தாள்.

"பங்குச் சாமியார்ட்ட கேட்டிருக்கலாம்லா?" என்றேன்.

"கேட்டா வேண்டாம்னு சொல்லிருவாருல்லா. அதான் கேக்கல."

முக்காணி, பழையகாயல் தாண்டித் தூத்துக்குடி. வழக்கமாக இந்த நேரத்தில் நான் துறைமுகத்துப் பக்கம் திரும்பியிருப்பேன். கிளியரிங் ஆபீஸில் வேலை. எந்தக் கண்டெய்னர் எந்த யார்டில் கிடக்கிறது என்று தேடிக் கண்டுபிடிப்பதுதான் பிழைப்பு. பூவைத் தேடுவது அதைவிட லேசு என்று நினைத்துவிட்டேன். மதுரை சாலையில் குறுக்குச்சாலை வந்ததும் ஆளுக்கொரு டீ, பன்னிரண்டு ரூபாய். வண்டி வாடகை டீசலோடு மூவாயிரம். தூத்துக்குடியில் இருந்து எட்டயபுரம் ஐம்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு.

எப்போதும்வென்றான் ஊரைத் தாண்டியதுமே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. இரண்டு பக்கமும் வெட்டவெளி. சோளம் வெட்டி முடிந்து அடித்தட்டை மட்டும் நின்றது. கரிசல் மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. பூ என்ற பேச்சுக்கே இடமில்லை. வசந்தம் வந்து இறங்கிய இடத்தின் லட்சணம் இது!

எட்டயபுரத்தில் ஒரு டீக்கடையில் ஊதாப் படத்தைக் காட்டினேன். அவ்வளவுதான், கடையில் இருந்த அத்தனை பேரும் எழுந்து வந்துவிட்டார்கள்.

"இது கொளுஞ்சிப் பூவுல்லா? மழைக்குப் பெறகு தரிசுல கெடக்கும்" என்றார் ஒருவர்.

"கொளுஞ்சி எங்கய்யா இம்புட்டுப் பெருசா பூக்கும்? இது ஏதோ வெளிநாடு" என்றார் அடுத்தவர்.

கடைக்காரர் டீ ஆற்றிக்கொண்டே, "எதுவா இருந்தா என்ன, தையிலயே வந்திருக்கணும். கொத்தமல்லி பூத்து வெள்ளை வெளேர்னு கெடந்துச்சு. இப்பப் பூராம் அறுத்தாச்சு. நீங்க எந்த ஊரு?" என்றார்.

புன்னைக்காயல் என்றேன். "அதான!" என்று சிரித்தார்கள். கோபம் வந்தது, ஆனால் என்ன சொல்வது? எந்த மாதம் எந்த மீன் படும் என்று கேட்டால் எங்கள் வீட்டில் தூக்கத்திலும் சொல்வோம். எந்த மாதம் எந்தக் காடு பூக்கும் என்று கடற்கரைக்காரனுக்கு யார் சொல்லிக் கொடுத்தது?

விளாத்திகுளம் சாலையில் கிணற்றுப் பாசனத்தில் சூரியகாந்தி நிற்கலாம் என்றார்கள். எந்தப் பக்கம் என்று கேட்டதற்கு மூன்று பேர் மூன்று பக்கம் கை காட்டினார்கள். அண்ணாச்சி நான்காவதாக ஒரு பக்கம் வண்டியை விட்டார். "எனக்குத் தெரியாத எடமா?" என்றார். மண்பாதை ஒரு மோட்டார் ரூமில் போய் முட்டியது.

பத்தரை மணிக்குச் செலின் கத்தினாள். "அங்கன பாருங்க, செவப்புப் பூ!" தூரத்தில் தரையே சிவந்து கிடந்தது. இறங்கி ஓடினோம். பக்கத்தில் போனதும் முதலில் அம்மா தும்மினாள், பிறகு நான், பிறகு எல்லாரும். காயப் போட்டிருந்த மிளகாய் வற்றல்!

"இதுல நின்னு எடுத்தாத் தவக்காலத்துக்குப் பொருத்தந்தான்" என்றாள் அம்மா, மூக்கைத் துடைத்துக்கொண்டே. செலின் விழுந்து விழுந்து சிரித்தாள். அப்பா மட்டும் வண்டியை விட்டு இறங்கவே இல்லை. அவள் சிரிப்பதைப் பார்த்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பதினொன்றே முக்காலுக்குச் சூரியகாந்தியைக் கண்டோம். அரை ஏக்கர்கூட இருக்காது. அதிலும் ஒரு கூத்து, அத்தனை பூவும் சாலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றன. இவ்வளவு தூரம் வந்து பூவின் பிடரியையா படம் எடுப்பது? இந்தத் தடவை அப்பாவும் இறங்கி வந்தார். உள்ளே ஓர் அம்மாள் தகர டின்னைத் தட்டிக் கிளி விரட்டிக்கொண்டிருந்தார். தோட்டத்துக்காரர் அவர்தான்.

"கெழக்க சுத்தி வாங்க, மொகம் அங்கனதான் இருக்கு. ஒடிச்சிராதீங்க" என்று வழிவிட்டார். செலினின் பச்சைச் சேலையை மேலும் கீழும் பார்த்தார். "பொண்ணுக்குப் பேசி முடிச்சாச்சா?"

"இல்லக்கா. நான் மடத்துக்குப் போறேன். கன்னியாஸ்திரியா."

"கல்யாணமே கெடையாதா?"

"கெடையாதுக்கா."

அந்த அம்மாள் அவளைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், அப்பாவை ரொம்ப நேரம் பார்த்தார். வாய்க்கால் ஓரம் போய்க் கனகாம்பரம் ஒரு கை பறித்து, நூலில் நறுக்கென்று கட்டிக்கொண்டு வந்தார்.

"வெறுந்தலையோட நின்னு படம் எடுக்கக் கூடாது தாயீ. வச்சுக்கோ."

எல்லாரும் அப்படியே நின்றுவிட்டோம். வாங்கவில்லை என்றால் அந்த மனுஷியின் மனசு நோகும். வாங்கித் தலையில் வைத்தால், தவக்காலம், அதுவும் வெள்ளிக்கிழமை, அதுவும் மடத்துக்குப் போகப் போகிற பிள்ளை. செலின் பாதி நீட்டிய கையோடு அம்மாவைப் பார்த்தாள். அம்மா என்னைப் பார்த்தாள். நான் போனைப் பார்த்தேன். வேறு என்ன செய்ய?

"வாங்கு ளா."

அப்பாவின் குரல். எத்தனையோ நாளைக்கு அப்புறம் அவளிடம் அவர் பேசிய முதல் பேச்சு.

"வாங்கி வையி. இனி எப்ப வைக்கப் போற?"

அம்மா மெதுவாக, "தவக்காலம்லா..." என்றாள்.

"பாவம்னா அது என் பாவம். பாவசங்கீர்த்தனத்துல சாமியார்ட்ட நான் சொல்லிக்கிடுதேன்."

செலின் வாங்கினாள். அம்மாதான் வைத்துவிட்டாள். அண்ணாச்சி படம் எடுத்தார். உச்சி வெயிலில் எல்லாருக்கும் கண் இடுங்கியிருக்கிறது, அம்மா அழுதிருப்பது அப்பட்டமாகத் தெரிகிறது. நல்ல படம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். எனக்கு அதுபோல ஒரு படம் வேறு கிடையாது. அந்த அம்மாளுக்குப் பணம் நீட்டினேன், வாங்கவில்லை. படத்தை மட்டும் மகனுடைய போனுக்கு அனுப்பச் சொன்னார்.

எட்டயபுரத்தில் சைவச் சாப்பாடு, நூறு ரூபாய். அந்த ஊதாப் பூ எந்த ஊர்ப் பூ என்று எனக்கு இன்றுவரை தெரியாது. பூவே இல்லாத எங்கள் கடற்கரையை விட்டுப் பூவைத் தேடிப் போய், பூ முடிந்த காட்டில் அலைந்துவிட்டு வந்தோம். செலின் ஏன் போகிறாள் என்பதும் எனக்கு விளங்கவில்லை, அப்பா ஏன் மனசு மாறினார் என்பதும் விளங்கவில்லை. மாறினாரா என்றே சந்தேகமாக இருந்தது. முக்காணிப் பாலம் வந்ததும் செலின் தானாகவே பூவைக் கழற்றிக் கைக்குட்டையில் முடிந்துகொண்டாள்.

ஐந்தரை மணிக்கு ஊர் வந்து சேர்ந்தோம். ஆறு மணிக்குக் கோயிலில் சிலுவைப்பாதை ஜெபம் என்று அம்மாவும் செலினும் உள்ளே ஓடினார்கள். அண்ணாச்சி வண்டியைத் திருப்பப் போனபோது அப்பா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஜூன்ல மதுரைக்கு ஒரு சவாரி இருக்கு அண்ணாச்சி. வேற யாருக்கும் ஒத்துக்கிடாதீய."

"வந்திருவோம். எத்தன பேரு?"

"போகும்போது நாலு பேரு" என்றார் அப்பா. கதவைச் சாத்திவிட்டு, "வரும்போது மூணு" என்றார்.