மஞ்சள்கருவை ரிஜெக்ட் செய்தேன்

அருள்புரத்தில் ஒரு பனியன் கம்பெனியில் தரம் பார்ப்பது என் வேலை. துவைத்தால் துணி எவ்வளவு சுருங்கும் என்று லேப் ரிப்போர்ட் வரும். சொன்ன அளவுக்குள் இருந்தால் பாஸ், தாண்டினால் ரிஜெக்ட். இருபது வருடமாக இதே பிழைப்பு. அதனால் கம்பெனி மருத்துவ முகாமில் என் ரத்த ரிப்போர்ட்டைக் கொடுத்தபோதும் கை தானாகச் சிவப்புப் பேனாவைத் தேடியது.

கொலஸ்ட்ரால் பகுதியில் எல்.டி.எல். அளவைத் தாண்டியிருந்தது. வட்டம் போட்டேன். எச்.டி.எல். அளவுக்கும் கீழே இருந்தது. பெருமையாக ‘பாஸ்’ என்று எழுதினேன்.

அப்பா நெஞ்சுவலியில் போனது ஐம்பத்திரண்டு வயதில். எனக்கு இப்போது நாற்பத்தொன்பது. பயந்துதான் போனேன், அதை மறைப்பானேன். அன்றே வீட்டில் மஞ்சள்கருவை ரிஜெக்ட் செய்தேன். வெள்ளை எனக்கு, மஞ்சள் மனைவிக்கு. தேங்காய்ச் சட்னிக்கும் தடை. ‘கொலஸ்ட்ரால் இல்லாதது’ என்று இதயப் படம் போட்ட எண்ணெயாகப் பார்த்து வாங்கினேன். அதில்தான் ஒன்றும் இல்லையே என்று தினமும் பஜ்ஜி போடச் சொன்னேன். கம்பெனி டீ டைமில் வழக்கம்போல் இரண்டு பப்ஸ். முட்டை வைக்காத பப்ஸாகக் கேட்டு வாங்கும் அளவுக்குக் கட்டுப்பாடு!

மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் எல்.டி.எல். இன்னும் ஏறியிருந்தது. மனைவியையும் அழைத்துக்கொண்டு டாக்டரம்மாவிடம் ஓடினேன். பழைய ரிப்போர்ட்டில் நான் எழுதியிருந்த ‘பாஸ்’ஸைப் பார்த்து அவர் சிரித்த சிரிப்பு வெளியே உட்கார்ந்திருந்தவர்களுக்கும் கேட்டிருக்கும்.

“எச்.டி.எல். கொறைய இருந்தா நல்லதில்லீங்க. ரத்தத்துல இருக்கற கொழுப்பை ஈரலுக்குத் திருப்பிக் கொண்டு போறதே அதுதானுங்க. அப்பறம், கடலை, எள்ளு, தேங்கா, எந்த எண்ணெயிலயும் கொலஸ்ட்ரால் கெடையாதுங்க. இல்லாததை எழுதி விக்கறாங்க. ஆனா எண்ணெய் எல்லாமே கொழுப்புத்தானுங்களே? முட்டையில இருக்கறது அப்படியே ரத்தத்துல ஏறிராது. நெறையப் பேருக்கு ஏத்தி உடறது பப்ஸுல போடற டால்டா மாதிரிக் கொழுப்புத்தானுங்க. அதை உடுங்க. ஒரு முட்டை முழுசாத் தின்னா ஒண்ணும் ஆகாது. ரெண்டு மாசத்துல எறங்கலைன்னா மாத்திரைதான்.”

திரும்பும்போது எனக்கு ஒரே உற்சாகம். வண்டியை ஓட்டிக்கொண்டே, நாளையிலிருந்து மஞ்சள்கருவும் எனக்குத்தான் என்றேன். பின்னால் இருந்த மனைவி என் தோளைத் தட்டினாள்.

“ஏனுங்க, அது நெஞ்சை அடைக்கும்னு பயந்துதானே நீங்க உட்டீங்க? அப்பறம் எந்தத் தைரியத்துல மூணு மாசமா அதை எனக்குக் குடுத்தீங்க?”

அவளுக்கு ஒருமுறைகூட ரத்தம் பார்த்ததில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. வெட்கமாக இருந்தது. அவளுக்கும் ரத்தம் பார்க்க வண்டியை லேப் பக்கம் திருப்பினேன்.