அக்காவின் மருதமரத்தில் கட்டிய கமரா

நான் வேலை பார்த்த அலுவலகத்தின் யன்னலைத் திறந்தால் திருகோணமலைத் துறைமுகம் தெரியும். சுற்றியுள்ள சின்னச் சின்ன ஓடைகள் அந்தக் குடாவுக்குள் எவ்வளவு தண்ணீரைக் கொண்டுவந்து கொட்டுகின்றன என்று அறிவதுதான் எங்கள் திட்டம். பெரிய ஆறுகளை அளக்கும் கருவிகள் ஓடைகளுக்கு ஒத்துவரவில்லை. அதனால், காட்டு மிருகங்களைப் படம் பிடிக்க மரத்தில் கட்டுகிற கமராக்களை வாங்கினார்கள். ஓடைக்குள் சென்ரிமீற்றர் குறித்த வெள்ளைக் கம்பம் ஒன்றை நட்டு, எதிரே மரத்தில் கமராவைக் கட்டிவிட்டால், அரை மணிக்கொரு தடவை அது கம்பத்தைப் படம் எடுக்கும். தண்ணீர் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று நான் கதிரையில் இருந்தபடியே வாசித்துக் குறிப்பேன். முன்னால் ஏதாவது அசைந்தாலும் அது படம் எடுக்கும். அதை நிறுத்தி வைக்க வழி இருந்தது. யானை வந்தால் பார்க்கலாம் என்ற ஆசையில் நான் நிறுத்தவில்லை.

தம்பலகாமத்தில் வயல்களுக்கு நடுவே போகும் ஓடை ஒன்றில் கமரா கட்ட இடம் தேடி நாலு நாள் அலைந்தேன். காணிக்காரர்கள் மசியவில்லை. ஒருவர் சிரித்த முகத்தோடு சொன்னார்: "கமராவும் வேண்டாம், ஒண்டும் வேண்டாம். தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ." படித்தவன் என்ற திமிர் எனக்கு. விளங்காத சனம் என்று மனதுக்குள் திட்டிக்கொண்டு தேத்தண்ணீரைக் குடித்தேன்.

சம்மதித்தவர் ஒரே ஒருவர்தான். கணவர் இறந்த பிறகு ஒன்றரை ஏக்கர் வயலைத் தனியாகச் செய்துவந்த ஓர் அக்கா. வேறு வருமானம் அவருக்கு இல்லை. ஓடை வளைகிற இடத்தில் அவருடைய மருதமரம் நின்றது. எனக்கு அதைவிட நல்ல இடம் கிடைக்காது.

"இது என்னத்தைப் பாக்கும், தம்பி?"

"தண்ணியை மட்டும்தான், அக்கா."

"அப்ப கட்டுங்கோ. தண்ணிக்கு என்ன வெக்கமே?"

மழை குறைந்த சிறுபோகத்தில் அந்த ஓடைத் தண்ணீர் முறை வைத்துத்தான் பாயும். இன்றைக்கு மேல் வயலுக்கு, நாளைக்குக் கீழ் வயலுக்கு. முறையைக் கவனிப்பவர் வட்டவிதானை. விவசாயிகளே தெரிந்தெடுத்த மனிதர். முறையில்லாத நாளில் ஓடைக்குள் நாலு கல்லைப் போட்டு, வைக்கோலைத் திணித்து, தன் வயலுக்குக் கொஞ்சம் திருப்பிக்கொள்ளாதவர் அங்கே எவருமில்லை. விதானையாருக்கும் அது தெரியும். அதனால் வரம்பில் வரும்போது தூரத்திலேயே பலமாக இருமிக்கொண்டுதான் வருவார். இருமல் கேட்டதும் கல்லை எடுத்துவிடுவார்கள். கண்ணால் காணாததற்கு அவர் தண்டனை சொல்லத் தேவையில்லை. காய்கிற பயிரும் தப்பிவிடும். எங்கும் எழுதப்படாத இந்த ஏற்பாட்டில்தான் அந்த ஊர் சண்டையில்லாமல் வயல் செய்துவந்தது. இதெல்லாம் நான் பிறகு அறிந்தவை. எனது கமராவுக்கு இருமத் தெரியாது.

அடுத்த சிறுபோகத்துக்கு முன்னர் விவசாயிகள் கூட்டம் நடந்தது. எங்கள் வேலையை அங்கே காட்டவேண்டும் என்றார் மேலதிகாரி. "நல்ல வடிவான படமாப் பாத்து நாலைஞ்சு போடும்." ஆயிரக்கணக்கான படங்களைக் கிண்டினேன். ஒன்றில் கம்பத்தின் கோடுகள் பளிச்சென்று தெரிந்தன. பக்கத்தில் ஆள் நின்றதால் ஓடையின் ஆழமும் விளங்கியது. நின்றவர் அக்கா. குனிந்திருந்தார், முகம் தெரியவில்லை, ஆகவே பிழையில்லை என்று நினைத்தேன். அவருடைய கையில் என்ன இருந்தது என்று நான் பார்க்கவேயில்லை. மாதக்கணக்காகக் கம்பத்தையே வாசித்த கண்ணுக்குக் கம்பம் மட்டும்தான் தெரிந்தது. அந்தப் படத்தைத் தெரிந்தெடுத்ததில் எனக்குப் பெருமை வேறு.

பாடசாலை மண்டபத்தில் அதைத் திரையில் போட்டேன். முதலில் யாரோ சிரித்தார்கள். பிறகு ஒருவர் எழுந்து, படத்தின் மூலையில் இருந்த திகதியைக் காட்டினார். "அண்டைக்கு எங்கட முறையெல்லோ?" என்றார். அப்போதுதான் நானும் பார்த்தேன். அக்கா ஓடைக்குள் கல்லை வைத்துக்கொண்டிருந்தார். நீலப் பூப்போட்ட அந்தச் சட்டையை ஊரில் எல்லாருக்கும் தெரியும். கூட்டத்துக்கும் அவர் அதைத்தான் போட்டு வந்திருந்தார்.

விதானையார் என்னைப் பார்த்தார். "இப்ப நான் என்ன செய்யிறது? எல்லாரும் கண்டிட்டினம்," என்றார். முறையை மீறியவருக்கு அடுத்த போகத்தில் தண்ணீர் இல்லை என்பது அவர்கள் விதி. தண்டனைக்குச் சம்மதமானவர்களைக் கையை உயர்த்தச் சொன்னார்கள். அதே ஓடையில் அதே கல்லைப் போட்ட கைகள் ஒவ்வொன்றாக உயர்ந்தன. நீங்கள் எல்லாரும் செய்வதுதானே என்று கத்த வேண்டும்போல் இருந்தது. மேலதிகாரி என் பக்கம் சாய்ந்து, "இது அவையின்ர பிரச்சினை, நீர் பேசாமல் இரும்," என்றார். நான் பேசாமல் இருந்தேன். அவரைக் குற்றம் சொல்லி என்ன, வாய் என்னுடையதுதானே.

வெளியே அக்கா செருப்பைத் தேடிக்கொண்டு நின்றார்.

"அக்கா, நான் வேணுமெண்டு செய்யேல்லை."

"தெரியும், தம்பி." செருப்பை மாட்டிக்கொண்டார். "மற்ற ஆக்கள் உங்களை உள்ளுக்கு விடேல்லை. நான் விட்டனான். அவ்வளவுதான்."

ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அந்தச் சிறுபோகத்தில் பற்றரி மாற்றப் போனேன். மேலேயும் கீழேயும் பச்சையாக நின்றது. நடுவில் ஒன்றரை ஏக்கர் வெடித்துக் கிடந்தது. அக்கா கிண்ணியாப் பக்கம் யாரோ ஒருவரின் வயலுக்குக் கூலிக்குப் போகிறார் என்று சொன்னார்கள். கமராவைக் கழற்றிவிடலாமா என்று மேலதிகாரியிடம் கேட்டேன். "எங்களிட்ட இருக்கிற திறமான இடம் அது," என்றார்.

அவர் சொன்னது உண்மைதான். போகம் முடியும்வரை வந்த படங்கள் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் பார்த்தேன். ஒன்றிலும் கல் இல்லை, ஆள் இல்லை. தண்ணீர் அவருடைய வயலைக் கடந்து நேரே போய்க்கொண்டிருந்தது. ஆண்டறிக்கையில் அந்த இடத்துக்கு நேரே, "நீரோட்டத்துக்கு எவ்விதத் தடையும் இல்லை" என்று எழுதி, கீழே கையெழுத்து வைத்தேன்.